எங்க ரோட்டுல பத்தொம்பது வண்டி

பத்தொம்பதாம்மா... பத்தொம்பது. ஒரு நாளைக்கி எங்க ரோட்டுல ஓடுறது மொத்தமே பத்தொம்பது வண்டியாம். அந்தா, சுவத்துல மாட்டியிருக்காங்களே படம், அதுல போட்டிருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன், கழட்டிட்டும் பாத்தேன், அதே பத்தொம்பதுதான். எங்க கீழச்செருவலூர்ல பால்காரரு ஒருத்தரே காலையில நாலு தடவ போயிட்டு வருவாரு.

இந்தச் சேரு காலியாத்தான இருக்கு? உக்காந்துக்கறேன். டோக்கன் குடுத்தாங்களா உங்களுக்கு? எனக்கு முப்பத்திரெண்டு. பேரக் கூப்புட்டா மைக்குல போயி சொல்லணுமாம். கருத்துக் கேக்குறாங்களாம்ல. பத்து மணிக்குன்னாங்க, மணி பன்னண்டாவுது, இன்னும் பதினஞ்சுலயே நிக்கிது. ஆளாளுக்கு வணக்கம் சொல்றதுக்கே அஞ்சு நிமிஷம் எடுத்துக்குறாங்க. கல்யாண மண்டபத்துல வச்சதால கால நீட்டி உக்காரவாவது முடியிது. டீயும் குடுத்தாங்க, சக்கரதான் போட மறந்துட்டாங்க.

எதுல விட்டேன்... ஆங், ரோடு. இன்னும் இருவது வருஷத்துக்கு எந்த ரோட்ட அகலமாக்கணும், எந்த ஊருக்கு பஸ்ஸு விடணும்னு இப்பவே பிளான் எழுதுறாங்களாம். எழுதிட்டா அப்பறம் தொட மாட்டாங்களாம். எங்க ரோட்ட அகலமாக்கலன்னா பஸ்ஸு உள்ள வராது. பஸ்ஸு வரலன்னா எம்மருமக நடக்கணும்.

தமிழ்நிலான்னு பேரு. நன்னிலத்துல ஒரு லேபுல ரத்தம் டெஸ்ட் பண்ணுது. ஏழு மாசம் முழுகாம இருக்கு. மெயின் ரோடு வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் நடந்துதான் பஸ்ஸு புடிக்கிது. எம்மவன் திருப்பூர்ல கெடக்கான், வண்டியில கொண்டுபோயி விட ஆளு இல்ல. லீவு போடுன்னா கேட்டாத்தான. பஸ்ஸு மட்டும் வந்துட்டா, புள்ள பொறந்தப்பறமும் வேலைய விட மாட்டேன் அத்தைங்குது. காலையில கௌம்பறப்ப, கண்டிப்பா பேசிட்டு வாங்கன்னு கையப் புடிச்சிச் சொல்லிட்டுப் போச்சு.  

எல்லாம் அந்த வண்டி எண்ண வந்த ஆளு பண்ணுன வேல. பொரட்டாசியில ரெண்டு நாளு எங்க ஊரு மொகப்புல வந்து உக்காந்தாரு. கையில அட்ட, பேனா. வண்டி போனா ஒரு கோடு போடணும், அவ்வளவுதான். போவலன்னா சும்மா உக்காந்திருக்கணும். சும்மாவே உக்காந்திருந்தாரு பாவம். நான்தான் மோரு கரைச்சிக் குடுத்தேன்.

ஏன் வண்டி போவலயாவா? அது... எப்படிம்மா போவும். குறுவ அறுத்த நேரம். நெல்லுல ஈரம் நூத்துக்குப் பதினேழுக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல மூட்டையத் திருப்பிடுவாங்க, உங்களுக்குத் தெரியாததா. களத்துலயும் எடமில்ல. நெல்ல ரோட்டுலதான் காயப்போடணும். எல்லாரும் பாதி ரோட்டுல போடுவாங்க, பாதிய வண்டிக்கி விடுவாங்க. நான்... முழுசாவே போட்டுட்டேன். மேகம் கருக்கல் கட்டி நிக்கிது, நல்லாப் பரப்பி விட்டாத்தான சீக்கிரம் காயும்? ரெண்டு பக்கமும் கருங்கல்லத் தூக்கி வச்சேன். பெரிய கல்லெல்லாம் இல்ல. ஒரு ஆளு தூக்கலாம். சரி, ரெண்டு ஆளு.

வந்த வண்டியெல்லாம் அந்த ஆளு கண்ணுல படாத வளைவுலயே நிறுத்தி, பக்கத்து ஊரு மரைக்கார்தோப்பு வழியாச் சுத்திப் போங்கன்னு திருப்பி விட்டேன். ஸ்கூல் வேனு, பால் வண்டி, அறுவட மிஷினு... சவுதியிலேருந்து வந்த ஒரு தம்பி, ஏர்போட்டுலேருந்து நேரா வருது, கார் மேல பெட்டியக் கயித்தால கட்டியிருக்கு. இறங்கி வந்து கெஞ்சிச்சு. விடலயே நான். மோரு குடுக்கப் போனப்பத்தான் இந்த எண்ணுற ஆளு கேட்டாரு, ஏம்மா, இந்த ரோட்டுல வண்டியே வராதான்னு. வரும்னு சொன்னா கல்ல எடுக்கச் சொல்லிடுவாரோன்னு எனக்கு பயம். இங்க என்னங்க வண்டி வரும், காக்கா குருவிதான் வரும்னுட்டேன். அதப் போயி நம்பிட்டாரும்மா, மோரு குடிச்ச மனுசன்.

அந்தப் பத்தொம்பதும் கல்லுக்கு எடையில பூந்து போன பைக்குங்க.

யாருகிட்டயும் சொன்னதில்ல இத. உங்க மொகத்தப் பாத்ததும் சொல்லணும்னு தோணிச்சு. மருமகளுக்குத் தெரிஞ்சா நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு சோறு போடுவேன்... உங்களோட இருக்கட்டும்.

இதுல கூத்தக் கேளுங்க. எங்களுக்கு வர வேண்டிய ரோடு மரைக்கார்தோப்புக்குப் போயிருச்சு. அங்கயும் அதே ரெண்டு நாளு ஒரு ஆளு எண்ணுனாராம், ஒரு நாளைக்கி முன்னூத்திச் சொச்சம் வண்டி ஓடுதாம். எந்த வண்டி? நான் திருப்பி விட்டேனே, அந்த வண்டி. குடுத்து வச்சவங்க, உக்காந்த எடத்துல ரோடு கெடச்சிருச்சு.

என்ன, உங்களயா கூப்புடுறாங்க? ரசியா பேகம்... மரைக்கார்தோப்பா நீங்க? சொல்லவே இல்லியேம்மா. ஆமா, நான் எங்க பேச விட்டேன். போங்க, போங்க. பாத்துப் போங்க, கீழ ஒயரு கெடக்குது.

ஏங்க, முன்னாடி இருக்கறவரே, தலையக் கொஞ்சம் சாச்சிக்கங்க. அந்தம்மா பேசுது... ரோட்ட அகலமாக்குனா எங்க தெருவுல எட்டு வீட்டு வாசல இடிக்கணும்ங்குது. எங்களுக்கு வேணாம்ங்குது. அந்த ரெண்டு நாளு ஓடுனது எங்க ஊரு வண்டியே இல்லன்னு... அடியாத்தி. கைய நீட்டுது. என்னையத்தான் காட்டுது. மண்டபமே திரும்பிப் பாக்குது.

இந்தா... வர்றேங்க. மைக்கு வேணாம், எனக்குத் தொண்ட இருக்கு. ஆமாங்கய்யா, தங்கம்மாள், கீழச்செருவலூர். நான்தான் கல்லு வச்சேன். சிரிங்க, நல்லாச் சிரிங்க. சிரிச்சிட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்க. அந்தம்மா வாசலும் பொழச்சிக்கிடட்டும், எம்மருமகளுக்கு பஸ்ஸும் வரட்டும். எண்ணறீங்களா? நெசமாவா? நல்லா இருப்பீங்க. எப்பங்க ஆளு அனுப்புவீங்க... அடுத்த மாசமா? தையிலயா?

அய்யா... தை வேணாங்க. சம்பா அறுப்பு இருக்கு. நெல்லு காயணும்.