இலவம்பஞ்சுக் கோட்டு

ஷஹாபுதீன்: இதையும் வைக்கணுமா? கம்பளி சாக்ஸு ஏழு ஜோடி ஆச்சு ஜரினா. எனக்கு இருக்கறது ரெண்டே காலு.

ஜரினா: பட்டாளத்து சொல்தா கலியமூர்த்தி ஐயாவுக்கும் ரெண்டு காலுதான். வெரலு எத்தனன்னு கேளுங்க.

ஷஹாபுதீன்: ...எத்தன?

ஜரினா: எட்டு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தப்ப வலது கால்ல ரெண்டு வெரலு பனியில கறுத்துப் போச்சாம். வெட்டி எடுத்துட்டாங்க. பென்ஷன் வாங்கிட்டு வரும்போது செருப்பக் கழட்டி எனக்குக் காட்டுனாரு.

ஷஹாபுதீன்: ஒரு பொம்பளகிட்ட காட்டற சமாச்சாரமா அது... அவரு பனியில படுத்துச் சண்ட போட்டாரு. நான் கப்பலுக்குள்ள குந்தி சோபாவுக்கு உறை தைக்கப் போறேன். மெத்த கிழிஞ்சா தைக்கணும், திரை கிழிஞ்சா தைக்கணும். ஹீட்டரு போட்ட ரூமு.

ஜரினா: ரூமு ஹீட்டரு போட்டது. கப்பலு எங்க போவுது?

ஷஹாபுதீன்: நூறு தடவ சொல்லியாச்சு.

ஜரினா: இன்னொரு தடவ சொல்லுங்க. நாலு மணிக்கு பஸ்ஸு ஏறிட்டா யாரு சொல்லப் போறாங்க எனக்கு?

ஷஹாபுதீன்: நார்வேன்னு ஒரு நாடு. அதுக்கும் வடக்கால. பனிமலையும் ஐஸுப் பாறையும் பாக்கறதுக்காக பிரான்சுல இருந்து பணக்காரங்க குடும்பம் குடும்பமா வராங்க. உல்லாசக் கப்பலு.

ஜரினா: ஐஸப் பாக்கறதுக்கா?

ஷஹாபுதீன்: ஆமா.

ஜரினா: சும்மா பாக்கறதுக்கு?

ஷஹாபுதீன்: சும்மா பாக்கறதுக்குத்தான். நீ வெயில் தாங்காம முத்தத்துல தண்ணி ஊத்தற. அவன் குளிர் பாக்கறதுக்கு கப்பலேறறான். ஊருக்கு ஊரு ஒரு பைத்தியம்... அந்த லிஸ்ட்டப் படி. என்ன மிச்சம்?

ஜரினா: நீங்க படிங்க. அந்த ஏஜெண்டு எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கு.

ஷஹாபுதீன்: கம்பளி பனியன் ரெண்டு.

ஜரினா: வச்சாச்சு. பெரிய சைசுல ஒண்ணு, சின்னதுல ஒண்ணு. ஒண்ணு மேல ஒண்ணு போடணும். தடியா ஒண்ணு போடறத விட மெலிசா மூணு போட்டாத்தான் சூடு நிக்குமாம். ஒடம்ப ஒட்டி பருத்தி பனியன் போடக் கூடாதாம். வேர்வ ஊறி, அதுவே ஐஸாப் போயிடுமாம்.

ஷஹாபுதீன்: இதுவும் எட்டு வெரலுக்காரரு சொன்னதா?

ஜரினா: அவருதான். ஈரக் கையால இரும்பத் தொடாதீங்க, தோலு ஒட்டிக்கும். ஒதட்டுக்கு வாஸ்லின் வச்சிருக்கேன். பனி வெளிச்சம் கண்ண எரிக்குமாம், கறுப்புக் கண்ணாடி வேணுமாம். என் தம்பி கமரு அவன் கல்யாணத்துக்குப் போட்ட கண்ணாடியக் குடுத்தான், அது மேல் பையில இருக்கு.

ஷஹாபுதீன்: பரவால்லியே. உன்னயே ஏஜெண்டா வச்சிருக்கலாம். பாஸ்போர்ட்டு எங்க வச்ச?

ஜரினா: பத்திரமா இருக்கு.

ஷஹாபுதீன்: பத்திரமான்னா எங்க?

ஜரினா: பத்திரமான்னா பத்திரமா. மேல படிங்க.

ஷஹாபுதீன்: கையுற ரெண்டு ஜோடி... குல்லா... ஏன் இப்படி மொறைக்கற?

ஜரினா: நீங்க நின்னுக்கிட்டே படிக்கறீங்க. குந்திக்கிட்டுப் படிச்சா என்ன?

ஷஹாபுதீன்: குந்துனா... க்கும்... க்கும்... இரு. தண்ணி குடு.

ஜரினா: இந்தாங்க. மெதுவா குடிங்க.

ஷஹாபுதீன்: பஞ்சுத் தூசி. உன் கோட்டு வேலைதான். வீடு பூரா பஞ்சு.

ஜரினா: கோட்டு நேத்தே தச்சு முடிச்சாச்சு. காலையில வீட்ட ரெண்டு தடவ ஈரத் துணி போட்டுத் தொடச்சேன். இன்னிக்கு இங்க பஞ்சே இல்லீங்க.

ஷஹாபுதீன்: ...கடையில இருந்து சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். பதினெட்டு வருஷமா மெத்தக் கடையில பஞ்சு கொட்டறவன் சட்ட வேற எப்படி இருக்கும்? சரி, அந்தக் கோட்டக் காட்டு.

ஜரினா: இந்தாங்க.

ஷஹாபுதீன்: அடேங்கப்பா. இது கோட்டா மெத்தையா? விரிச்சுப் போட்டா ரெண்டு பேரு படுக்கலாம் போலருக்கே.

ஜரினா: சிரிங்க, சிரிங்க.

ஷஹாபுதீன்: தையலு நல்லாருக்கு. முடிச்சு முடிச்சா மெத்தைக்குப் போடற மாதிரியே போட்டிருக்க. உள்ள என்ன, பருத்தியா?

ஜரினா: இலவம்பஞ்சு.

ஷஹாபுதீன்: ஏன் அது? பருத்திதான சூடு?

ஜரினா: பருத்தி தண்ணி குடிச்சா பாறையா எறங்கிடும். இலவம்பஞ்சு மெதக்கும். பஞ்சு நெரப்புன ஒடனே தொட்டித் தண்ணியில போட்டுப் பாத்தேன். செங்கல்லு ஒண்ணு மேல வச்சேன். அப்பவும் முழுவல.

ஷஹாபுதீன்: ...கப்பலு முழுவும்னு முடிவே பண்ணிட்டியா?

ஜரினா: மீன்காரி சின்னப்பொண்ணு சொன்னா, அந்தக் கடல்ல விழுந்தா நீச்சல் தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்லியாம். கால் மணி நேரத்துல கையும் காலும் வெறச்சுப் போயிடுமாம். மெதந்தாவது கெடந்தா யாராவது பாத்துத் தூக்குவாங்கல்ல.

ஷஹாபுதீன்: வைத்திக்குப்பத்த தாண்டாத சின்னப்பொண்ணு நார்வே கடலக் கண்டாளா?

ஜரினா: நார்வேயக் காணல. உங்களக் கண்டா.

ஷஹாபுதீன்: என்னைய எங்க?

ஜரினா: ஐஸு பாக்டரியில. மீனுக்கு ஐஸு வாங்க வந்தாளாம். நீங்க ஐஸு அடுக்குற ரூமுக்குள்ள சட்டையோட நின்னுக்கிட்டு இருந்தீங்களாம்.

ஷஹாபுதீன்: அது... அது பழக்கத்துக்கு. குளிரு எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போலாமேன்னு. அந்த ஃபோர்மேன் தெரிஞ்ச ஆளு. பத்து நிமிஷம் நிக்க விட்டாரு.

ஜரினா: நின்னீங்களா?

ஷஹாபுதீன்: நின்னேன்.

ஜரினா: பத்து நிமிஷம்?

ஷஹாபுதீன்: ...கிட்டத்தட்ட.

ஜரினா: வெளிய வந்து படியில குந்திட்டீங்களாம். ஒதடு நீலமாயிடுச்சாம். மூச்சு எடுக்க முடியாம வாயத் தொறந்து தொறந்து மூடுனீங்களாம். கூடையில இருந்த மீனும் நீங்களும் ஒண்ணாத்தான் இருந்தீங்கன்னு சொல்லிட்டு அழுதா அவ.

ஷஹாபுதீன்: காலு மரத்துப் போச்சு. அதான் குந்துனேன். அவ ஒண்ண ஒம்பதாச் சொல்லுவா.

ஜரினா: காலு மரத்தா ஒதடு ஏங்க நீலமாவுது?

ஷஹாபுதீன்: ஜரினா... கெளம்பற நேரத்துல இப்படிப் பேசாத. பொட்டிய மூடு.

ஜரினா: இன்னும் இடம் இருக்கு. சுக்கு வைக்கறேன். கப்பலு ஆடுனா வாந்தி வரும், வாயில ஒதுக்கிக்குங்க... நோன்பு வேற வருது. பத்து நாள்ல பொற பாக்கணும்.

ஷஹாபுதீன்: அங்கயும் நோன்பு பிடிக்கலாம். பேரீச்சம்பழம் வச்சியா?

ஜரினா: வச்சேன். எப்பத் தொறப்பீங்க?

ஷஹாபுதீன்: மக்ரிபுக்குத்தான்.

ஜரினா: சூரியனே எறங்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? இந்த மாசம் பூரா அங்க ராத்திரியே கெடயாதுன்னு? சூரியன் எறங்காத ஊர்ல எப்பங்க மக்ரிபு?

ஷஹாபுதீன்: ...அத நான் யோசிக்கல.

ஜரினா: நான் யோசிச்சேன். பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட ஆளனுப்பிக் கேட்டேன்.

ஷஹாபுதீன்: என்ன சொன்னாரு?

ஜரினா: பக்கத்துல சூரியன் எறங்கற ஊரு எதுவோ அந்த நேரத்த வச்சுக்கலாம்னாரு. இல்லாட்டி பிரயாணிக்குச் சலுக இருக்கு, திரும்பி வந்து பிடிச்சுக்கலாம்னாரு.

ஷஹாபுதீன்: நல்லதாப் போச்சு.

ஜரினா: நோயாளிக்கும் சலுக இருக்குன்னாரு.

ஷஹாபுதீன்: ...அத ஏன் சொன்னாரு?

ஜரினா: நான் கேட்டேன். சொன்னாரு.

ஷஹாபுதீன்: ம்... அந்தப் பெரிய கவரப் பொட்டிக்கு அடியில வை. மடங்கக் கூடாது. எக்ஸ்ரே படம். பம்பாயில கம்பெனி டாக்டரு அதத்தான் மொதல்ல கேப்பாரு.

ஜரினா: அதுக்கு மேல ஒரு துண்டுத் துணி சுத்தி வச்சிருக்கேன். நேத்து எடுத்து ஜன்னல்ல வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தேன்.

ஷஹாபுதீன்: நீயா? உனக்கென்ன தெரியும் அதுல?

ஜரினா: ஒண்ணும் தெரியாது. விலா எலும்பெல்லாம் சீப்பு மாதிரி வரிசையா இருந்துச்சு. நடுவுல கறுப்பா, சுத்தமா இருந்துச்சு.

ஷஹாபுதீன்: அதான் வேணும். மெட்ராஸு டாக்டரு நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுதிக் குடுத்தாரு.

ஜரினா: அன்னிக்கு மெட்ராஸுக்கு கமருவும் உங்களோட வந்தான்ல?

ஷஹாபுதீன்: தொணைக்கு வந்தான். ஏன்?

ஜரினா: கேட்டேன். இந்தப் பொட்டிய பரண்ல இருந்து எறக்கிக் குடுத்ததும் அவன்தான். ஒத்தக் கையால எறக்குனான் பாவம். எடது கைய இன்னும் மேல தூக்க மாட்டேங்கறான். ஏழு வயசுல முந்திரி மரத்துல இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ எலும்பு ஒடிஞ்சது...

ஷஹாபுதீன்: உன் தம்பி கத இப்ப எதுக்கு? மணி மூணாவுது.

ஜரினா: எனக்கு பயமா இருக்குங்க.

ஷஹாபுதீன்: எதுக்கு பயம்?

ஜரினா: பொட்டி மூடற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். முடியல. நாலு நாளா சோறு எறங்கல. கண்ண மூடுனா வெள்ளையா ஒரு ஊரு. அதுல நீங்க படியில குந்தியிருக்கீங்க. பக்கத்துல யாருமே இல்ல. சின்னப்பொண்ணு கூட இல்ல.

ஷஹாபுதீன்: எனக்கு மட்டும் பயமில்லியா? சொல்லு. நான் பாத்த பெரிய தண்ணி அரியாங்குப்பத்து ஆறுதான்.

ஜரினா: அப்புறம் ஏன் போறீங்க?

ஷஹாபுதீன்: இங்க இருந்தா மட்டும்... க்கும்... இங்க இருந்தா பஞ்சுதான கொட்டணும். வேற என்ன தெரியும் எனக்கு? கப்பல்ல பஞ்சு கொட்டற வேல இல்ல. எல்லாம் ரப்பரு மெத்த. வெறும் ஊசி நூலு. தூசி இல்லாத எடம்னு ஒண்ணு ஒலகத்துல இருக்குன்னா அது கடலுதான் ஜரினா. அங்க போனா சரியாப் போயிடும்னு...

ஜரினா: எது சரியாப் போயிடும்?

ஷஹாபுதீன்: ...எதுவும் இல்ல.

ஜரினா: எதுங்க?

ஷஹாபுதீன்: வாய் தவறி வந்துடுச்சு. விடு.

ஜரினா: குளிர் காத்து நெஞ்சப் பிடிக்கும்னாரு சொல்தா ஐயா. நல்லா இருக்கற நெஞ்சயே பிடிக்குமாம். கூட இருந்தவன் ஒருத்தன் வெரல் போயி சாவலியாம். இருமி இருமிச் செத்தானாம்.

ஷஹாபுதீன்: அந்த மனுஷன இனிமே வீட்டுக்குள்ள விடாத... என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. படத்தப் பாத்தல்ல? டாக்டரு கையெழுத்தோட இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு?

ஜரினா: எனக்கு ஒண்ணும் வேணாம்.

ஷஹாபுதீன்: அழாத. மூணாம் வீட்டு வரைக்கும் கேக்கும். ஆறே மாசம். இன்ஷா அல்லா, வரும்போது உனக்கு ஒரு கம்பளி கொண்டாறேன்.

ஜரினா: பாண்டிச்சேரியில கம்பளிய வச்சு நான் என்ன பண்ண?

ஷஹாபுதீன்: அதான பாத்தேன், அழுவும்போது கூட வாயி கொறயல. மூடு பொட்டிய. பூட்டிட்டியா?

ஜரினா: பூட்டிட்டேன். சாவி இந்தாங்க.

ஷஹாபுதீன்: பாஸ்போர்ட்டு?

ஜரினா: குடுத்துட்டேனே.

ஷஹாபுதீன்: எப்பக் குடுத்த? பொட்டிக்குள்ளயா வச்ச? அது கையிலயே இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்...

ஜரினா: கையிலதான் இருக்கு.

ஷஹாபுதீன்: கையில உன் கோட்டுதான் இருக்கு.

ஜரினா: நெஞ்சுப் பக்கம் தடவிப் பாருங்க. எடது பக்கம்.

ஷஹாபுதீன்: ...என்னது இது? கெட்டியா... ஜரினா, இதுக்குள்ள வச்சா தச்ச?

ஜரினா: பஞ்சுக்கு நடுவுல. ரெட்டத் தையலு.

ஷஹாபுதீன்: பைத்தியமா உனக்கு? பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இல்ல. பிரிச்சுக் குடு சீக்கிரம்.

ஜரினா: நான் பிரிக்க மாட்டேன். கத்திரி அந்தாண்ட மாடத்துல இருக்கு. நீங்களே பிரிச்சு எடுத்துக்குங்க.

ஷஹாபுதீன்: இத நான் பிரிச்சா... இலவம்பஞ்சு. மூஞ்சி பூரா பறக்கும்.

ஜரினா: பறக்கட்டுமே. தூசிதான? உங்க நெஞ்சுதான் கண்ணாடியாச்சே.

ஷஹாபுதீன்: ...ஏன் இப்படிப் பண்ண?

ஜரினா: அந்தப் படத்துல கழுத்துக்குக் கீழ, எடது பக்கம், எலும்பு ஒட்டுன எடம் முண்டா தெரியுதுங்க. அது ஒடிஞ்ச அன்னிக்கு மூங்கில் தப்ப வச்சுக் கட்டுனவ நான்தான். நாப்பது நாளு மடியில வச்சு சோறு ஊட்டுனதும் நான்தான். என் தம்பி நெஞ்ச நான் எந்த வெளிச்சத்துல வச்சாலும் கண்டுபிடிப்பேன். அவன் நெஞ்சு பொட்டியில போவுது, சரி... நீங்க உங்க நெஞ்சோடதான போறீங்க? கத்திரிய எடுங்க. ஒரு தடவ கூட இருமாம அந்தப் பாஸ்போர்ட்ட வெளிய எடுத்துட்டீங்கன்னா, பஸ்ஸ்டாண்டு வரைக்கும் இந்தப் பொட்டிய நானே தலையில வச்சுத் தூக்கிட்டு வரேன்.