கலைமான் கத்துகிற மாதம்

இந்தப் பொலிஸ் நிலையத்துக் கோப்பி மோசமில்லை. சீனிதான் காணாது. மொழிபெயர்க்க வந்திருக்கிற நிருஜாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. வடிவாக்கிப் போடாதை." என் பேச்சை அடுத்தவர் வாயில் விட்டால், அது குளித்து வெளிக்கிட்டு வேறு ஆளாய்த்தான் வெளியே வரும். ஒஸ்லோவில் முப்பத்தேழு வருசம் இருந்து படித்தது அது.

முதலில் மானைச் சொல்ல வேண்டும். புரட்டாதி முடிகிற நேரம் கலைமானுக்குப் புத்தி பேதலிக்கும். தின்னாது, நித்திரை கொள்ளாது, சேற்றில் புரண்டு மூத்திரம் மணக்க நின்று கத்தும். அந்த மடையனை ஏமாற்றுவது லேசு. பெண்மான்களை ஏமாற்ற ஏலாது. மனித வாடை பட்டால் மந்தையே போய்விடும். கலைமானாரும் பின்னால் போய்விடுவார். ஆகவே காற்று முகத்தில் அடிக்கிற பக்கம் இருக்க வேண்டும். இருமக் கூடாது, கதைக்கக் கூடாது, சொன்ன இடத்தை விட்டு அசையக் கூடாது.

வேட்டைப் பரீட்சையில் நான் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம்தான் தேறினேன். நடராஜன் முதல் தரமே. தமிழ்நாட்டுக்காரர், ஆராய்ச்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒஸ்லோ மோர்டென்ஸ்ருட்டில் ஒரே கட்டடம், எனக்கு மேல்மாடி. ஆன்ட்ரியாஸ் என்கிற நொர்வேஜியனின் காட்டுக்கு அவரைக் கூட்டிப் போனதும் நான்தான்.

அன்று பின்னேரம் வயல் ஓரத்தில் ஆறு பெண்மான்கள் மேய்ந்தன. கலைமான் பற்றைக்குள் நின்று கத்தியது. நடராஜன் போனுக்கு சிக்னல் தேடி, தன் இடத்தை விட்டு எதிர்மேட்டில் ஏறினார். அதுதான் காற்று வருகிற பக்கம். அவர் பூசியிருந்த சென்ட்டும் பேச்சும் மான்களுக்கு மேலால் என்னிடம் வந்தன.

"சும்மாதான் உட்கார்ந்திருக்கேன், குமாரி. அருட்செல்வமா? அந்தாளு அங்க புதருக்குள்ள கல்லு மாதிரி கிடக்கு."

என்னைச் சொல்லித்தான் சிரித்தார். ஒரு பெண்மான் தலையை நிமிர்த்தியது.

குமாரியாம். கிருஷ்ணகுமாரி எங்கள் கட்டடத்து நாலாம் மாடி விதவை. பதினொரு வருசமாக அவவின் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு நாளும் அவவின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்ததில்லை. இது இந்த விசயத்துக்குத் தேவையில்லை, எழுத வேண்டாம் என்றேன். எதிரில் இருந்து விசாரிக்கிற பொலிஸ்காரி எழுதிவிட்டா.

நேற்று, மான் என்று நினைத்து நடராஜனைச் சுட்டதாகச் சொன்னேன். அது பொய். மான் செம்மஞ்சள் தொப்பி போடாது. துவக்குக் கண்ணாடியில் அவரின் தொப்பி, போன், பல்லுக்கட்டு எல்லாம் துலக்கமாய்த் தெரிந்தன. மூச்சைப் பாதி விட்டு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் என்று பரீட்சைக்குப் படித்த இடத்தில், ஒரே குண்டு. மனிதர் துடிக்கவில்லை.

சத்தத்துக்கு மான்கள் ஓடிவிட்டன. அதுதான் என் பிழை.

பொறாமையோ என்று பொலிஸ்காரி கேட்டா.

"எழுபத்தொரு வயதிலை என்ன பொறாமை? அந்தாள் மானைக் குழப்பினது, சுட்டனான். அவ்வளவுதான்."

இந்த மாதம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. அது வயிற்றுக் கோளாறு.

கிருஷ்ணகுமாரியையும் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெளியில் நடைவழி வாங்கில் குந்தியிருக்கிறாவாம்.

"பிள்ளை," என்றேன் நிருஜாவிடம், "இதை மொழிபெயர்க்க வேண்டாம். உன்னட்டை ஒரு சீப்பு இருக்கே?"