பன்னிரண்டாவது ஆள்

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“எங்க வீட்டுக்காரரு இப்ப ரட்சிக்கப்பட வேணாம்னு ஜெபம் பண்ணுங்கக்கா.”

“அடி பாவி! அவரு திருந்தணும்னு பத்து வருஷமா அழுதவ நீதானே?”

“அழுதேன்தான். ஆண்டவரு கேட்டுட்டாரே! குடிய விட்டுட்டாரு. வியாழக்கெழம வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நானும் வாறேன்னு நிக்கிறாரு.”

“வரட்டுமே.”

“நம்ம குழுவுல பதினோரு பேரு, அக்கா. பன்னெண்டு ஆனா ரெண்டா பிரிச்சிருவேன்னு பாஸ்டர் சொன்னாருல்ல? தோட்டத்துல மேல் லயத்து வீடுங்களுக்கு ஒன்னு, கீழ் லயத்துக்கு ஒன்னு. நீங்க மேல, நான் கீழ.”

“கீழ யாரு லீடரு?”

“எங்க மாமியா.”

மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“வாரத்துல அந்த ஒரு நாள்தான் உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுறேன். அதும் போயிரும்.”

“யாரையாச்சும் வேற குழுவுக்கு அனுப்பலாமா? அந்தத் தூங்குற தாத்தாவ?”

“அவரு வீட்டுலதானே கூட்டமே நடக்குது!”

மூத்தவள் பெருமூச்சு விட்டு, இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, இவ புருசன் உம்மண்ட வரட்டும். ஆனா கொஞ்சம் மெதுவா வரட்டும்.”

முன்கதவருகே நின்ற ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் புதிய ஏற்பாடு ஒன்று புத்தம் புதிதாக இருந்தது.

“பஸ்ஸுலயும் ஜெபமா?” என்றார்.

“ஆமாங்க, உங்களுக்காகத்தான்,” என்றாள் இளையவள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து, “ஆமென்” என்றார்.