ஒன்றரை அடி உயரம்

உங்கள் அலுவலகத்தில் காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் அணியில் கொடுப்பது பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். கோப்பையை வலப்பக்கம் வைத்துவிட்டீர்கள், பரவாயில்லை, நானே இந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தட்டச்சு செய்துகொண்டு வந்ததைப் படித்தேன். 'ரஸ் ஹால்வர்சன், வயது முப்பத்தாறு, பதினோரு ஆண்டுகளாக அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக், அணித் தலைவர். தோள் தேய்ந்திருந்ததால் அவர் எறிந்த பந்து குறி தவறி ஒன்றரை அடி உயரே போனது. அதைப் பிடிக்க எம்பிய டேவியன் ப்ரூயிட்டுக்கு நேர்ந்தது விபத்து.' இதில் கையெழுத்துப் போட்டால் லீக் விசாரணை முடிந்துவிடும், நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் போட மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என் கோபத்தைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொலைக்காட்சிக்காரர்கள் நான் எறிந்த பந்தைவிட என் வாயைத்தான் அதிகம் காட்டினார்கள். சக வீரனின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்து, அவன் மூக்கில் என் மூக்கு இடிக்கக் கத்துவேன். பள்ளிக்கூடப் பையன்கள் அதைப் பார்த்து அப்படியே செய்துகாட்டுவார்கள். நெருப்பு மனிதன் என்றார்கள். உண்மையில் எனக்குக் கோபமே வருவதில்லை. வருவது அருவருப்பு.

ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறைக்குள் நீங்கள் வந்ததில்லை. நூற்று ஐம்பது கிலோ ஆள் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு வாந்தி எடுப்பான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடிப்பான். மைதானத்தில் பத்துப் பேர் வட்டமாகக் குனிந்து நிற்பார்கள், நடுவில் நான். பத்து வாயின் நாற்றம். ஹெல்மெட் கம்பியில் எச்சில் நூல் தொங்கும். சிலர் அழுவார்கள். அவர்களிடமிருந்து விலகி நிற்க வழியில்லாததால் கத்தினேன், அவ்வளவுதான். அதை அவர்கள் அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள். தலைமைப் பண்புக்காக எனக்கு இரண்டு முறை கேடயம் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாம் ஓஹையோவில் ஒரு சிறிய கல்லூரியில் நடக்கும். தொண்ணூறு பேர் வருவார்கள். ஐம்பத்து மூன்று பேருக்குத்தான் அணியில் இடம். மற்றவர்களை அனுப்ப ஒரு ஆள் இருக்கிறான். காலை ஆறு மணிக்கு விடுதிக் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடறாரு, டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வா" என்பான். ஆட்டத் திட்டங்கள் இருக்கும் டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். பதினோரு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புரண்டு படுத்துத் தூங்கியவன் நான். இந்த வருடம் பக்கத்து அறைக் கதவைத் தட்டியபோது, நான் ஏற்கெனவே எழுந்து ஷூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் கோல்ட்டன் மேஸ். இருபத்து மூன்று வயது, இரண்டாம் அணியின் குவார்ட்டர்பேக். அவனால் மட்டும் என் இடத்தை அசைத்திருக்க முடியாது. அவன் எப்படி எறிந்தாலும் பிடிக்க ஒருவன் இருந்தான். அவன்தான் டேவியன். லீக்கின் வருடாந்திரத் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல், மிசிசிப்பியிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். சூரியகாந்தி விதையை மென்று தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பான். அந்தக் கோப்பையை மறந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போவான். அடியில் பழுப்பாக எச்சில் தேங்கி நிற்கும். எத்தனையோ நாள் அதை எடுத்துக் கொட்டியது நான்தான்.

ஒருநாள் பயிற்சியில் கொஞ்ச நேரம் அவனை எனக்குப் பந்து பிடிக்க விட்டார்கள். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கேப்டன், தப்பா எடுத்துக்காதீங்க. கோல்ட்டன் பந்துக்கு நான் ஓடிக்கிட்டே இருக்கேன். உங்க பந்துக்கு ரெண்டு எட்டு நின்னு காத்திருக்க வேண்டியிருக்கு. நான் சீக்கிரமா திரும்பிடறேனா?"

மேசையில் இருந்த எங்கள் தடியன் போஸ்மன் முந்திக்கொண்டு சொன்னான். "டேய் தம்பி, உன் டேப்லெட்ல சார்ஜ் இருக்கா? காலையில திருப்பிக் குடுக்கணுமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டேவியன் காது வரை சிவந்துபோய், "ஐயோ, சத்தியமா என் தப்பைத்தான் கேட்டேன்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் மறந்திருப்பேன். சந்தேகம் கேட்டான்.

மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் ஒபர்மேயரிடம் போய், அந்தப் பையனை முதல் அணிக்குக் கொடுங்கள், நான் அவனைத் தயார் செய்கிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்குத்தான்யா நீ கேப்டன்" என்று என் முதுகில் தட்டினார். உள்ளூர்ப் பத்திரிகை அரைப் பக்கம் எழுதியது. நான்கு நாளில் கோல்ட்டனின் பந்துகள் தரையில் விழ ஆரம்பித்தன. பிடிக்க ஆள் இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. அதோடு விட்டிருப்பேன், இதை நீங்கள் நம்ப வேண்டும்.

டேவியன்தான் விடவில்லை. என் பந்துக்காக அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். யாருக்கும் தெரியாமல். கால் வழுக்கியது போல ஒரு சின்னத் தடுமாற்றம், அதற்குள் பந்து வந்து சேர்ந்துவிடும். பயிற்சியாளர்கள் அவனைத் திட்டினார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே என் பக்கத்தில் வந்து, விதைத்தோலைத் துப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"கவலைப்படாதீங்க கேப்டன். நான் பாத்துக்கறேன்."

வாந்திக்குள் முகத்தை வைத்துப் பழகியவன் நான். ஆனால் அன்றைக்கு வந்த குமட்டல் வேறு. இருபத்திரண்டு வயதுப் பையன், இன்னும் அணியில் இடமே இல்லாதவன், என் மேல் இரக்கப்பட்டான்.

அடுத்த வேலை அவன் கையைச் சரிசெய்வது. மைதானத்தின் நடுவே பந்து பிடிக்கிறவனுக்கு எதிரணியிலிருந்து மோதவருகிறவன் தெரியமாட்டான். அதனால் புத்தியுள்ளவன் கடைசி நொடியில் கையை நெஞ்சுக்கு இழுத்து உடம்பைச் சுருட்டிக்கொள்வான். பந்து போனால் போகட்டும் என்று. திங்கட்கிழமை டேவியன் ஒரே ஒருமுறை அப்படிச் செய்தான். நான் அறுபது கெஜம் ஓடிப்போய் அவன் ஹெல்மெட்டைப் பிடித்தேன்.

"எதுக்குடா கை உனக்கு? சோறு திங்கவா? பயமா இருந்தா உங்கம்மாகிட்டப் போய்ப் படுத்துக்க. இங்க ஐம்பத்து மூணு பேருதான்டா. கைய நீட்டறவனுக்குத்தான் இடம்!"

எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் எச்சில் அவன் கன்னத்தில் தெறித்தது. துடைக்கவில்லை. "இனிமே இழுக்க மாட்டேன் கேப்டன்" என்றான். குழந்தைகளுக்குப் போடும் இளஞ்சிவப்புக் கையுறை ஒன்று வாங்கி அவன் அலமாரியில் தொங்கவிட்டேன். எங்கள் அணியில் அது பழைய வழக்கம். கையை இழுத்தவனுக்கு அது கிடைக்கும், கையை முழுதாக நீட்டி ஒரு பந்து பிடித்துக் காட்டினால் திருப்பிக் கொடுக்கலாம். டேவியன் அதைத் தன் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்குச் சிவப்புச் சட்டை. சிவப்புச் சட்டையை யாரும் தொடக்கூடாது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் பயத்தைப் பற்றிப் பேசினேன்.

புதன்கிழமை இன்னொரு அணி கூட்டுப் பயிற்சிக்கு வந்தது. கூட்டுப் பயிற்சியில் இடம் உறுதியானவர்கள் முழுதாக மோத மாட்டார்கள். கிட்டே வந்ததும் தோளைத் திருப்பிக்கொண்டு விலகிவிடுவார்கள், அது மரியாதை. இடத்துக்குத் தவிக்கிறவன் விலகமாட்டான். அவனை அவன் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே. அவர்களுடைய பின்வரிசையில் நாற்பத்தொன்றாம் எண் போட்ட பையன் ஒருவன் காலையிலிருந்து எல்லோரையும் இடித்துக்கொண்டிருந்தான். அவனும் தேர்வாகாமல் வந்தவன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவன் இடப்பக்கம் நிற்கும்வரை காத்திருந்தேன். நின்றதும், டேவியன் அவனுக்கு முன்னால் மைதானத்தின் நடுவே ஓடிவரும் ஆட்டத்தைச் சொன்னேன்.

வட்டத்தில் குனிந்து டேவியனிடம், "உன்னை நம்பித்தான் எறியறேன்" என்றேன். அவன் காலுறையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

நெஞ்சுக்கு வரும் பந்தைப் பிடிப்பவன் மடங்கிக்கொள்ளலாம். விரல் நுனிக்கு வரும் பந்துக்கு எம்ப வேண்டும். கால் தரையை விட்டுப் போகும், விலா திறந்துகொள்ளும், கழுத்து நீளும். ஒரு அடி உயரம், அரை நொடி தாமதம். இரண்டு விலா எலும்பு உடைந்தால் இந்த வருடம் அவன் ஆட முடியாது என்று கணக்குப் போட்டிருந்தேன். எறிந்தேன். அவன் இரண்டு கையையும் முழுதாக நீட்டினான். நாற்பத்தொன்று விலகவில்லை. டேவியன் விழுந்தபோது பந்து கையிலேயே இருந்தது. அதை அவன் விரல்களிலிருந்து மருத்துவர்கள்தான் எடுத்தார்கள். கால்சட்டையையும் காலுறையையும் கத்தரியால் வெட்டும்போது அந்தக் கையுறை புல்லில் விழுந்தது.

நான் நாற்பத்தொன்றின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நாடே பார்த்தது. தன் வீரனுக்காகத் துடித்த தலைவன் என்று போட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த நாற்பத்தொன்றாம் எண் பையனின் கதவைத் தட்டி டேப்லெட்டை வாங்கிக்கொண்டார்களாம்.

மருத்துவமனைக்குப் போனேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அவன் அம்மா லொரெய்ன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைய மேல கொண்டாந்தது நீங்கதான் தம்பி. ராத்திரி போன் பண்ணா உங்க பேச்சுத்தான் பேசுவான்" என்றாள். டேவியன் கண்ணை மட்டும் திருப்பினான்.

"பந்தைப் புடிச்சேன்ல கேப்டன்?"

"புடிச்சடா."

"கைய இழுக்கல."

"இல்ல, இழுக்கல."

வாயோரம் எச்சில் வழிந்தது. அவனால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அவன் அம்மா துடைப்பதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். கழிவறையில் ரொம்ப நேரம் கை கழுவினேன். அவள் கை வியர்த்து ஈரமாக இருந்தது.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். அன்றிலிருந்து தொலைக்காட்சியில் அந்தப் பந்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். மஞ்சள் கோடு போட்டு, ஒன்றரை அடி உயரம் என்று எழுதுகிறார்கள். "பாவம், ரஸ்ஸுக்குக் கை போயிருச்சு" என்கிறான் ஒருவன், நான் பல்லாண்டு தோற்கடித்தவன். ஒபர்மேயர் கோல்ட்டனை முதல் அணிக்குக் கொண்டுவந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, "உன் தப்பு இல்லப்பா, வயசு" என்றார். நேற்றுக் காலை ஆறு மணிக்கு என் கதவைத் தட்டினார்கள்.

இந்த லீக்கில் என் வேலையைச் செய்கிறவர்கள் முப்பத்திரண்டு பேர். ஓடுகிற ஒருவனுடைய விரல் நுனிக்கு, மோதவருகிறவனுடைய வேகத்தையும் கணக்கில் வைத்து எறியக்கூடியவர்கள் அதில் மூன்று பேர்கூட இல்லை. நான் எறிந்தேன். ஒன்றரை அடி. நான் நினைத்த இடத்துக்கு, நினைத்த நொடியில் போனது. அந்தப் பையனை நான்தான் கேட்டு வாங்கினேன், நான்தான் கையை நீட்ட வைத்தேன், நான்தான் உடைத்தேன். சிறை என்றால் சிறை. ஆனால் 'தோள் தேய்ந்திருந்ததால் குறி தவறி' என்கிற வரியை அடித்துவிடுங்கள்.

அடித்துவிட்டீர்களா? சரி, கொடுங்கள். பேனாவை இந்தப் பக்கம் வையுங்கள், இடக்கையால் போடுகிறேன். அந்தப் பந்து கையை விட்டுப் போகும்போதே தோளுக்குள் ஏதோ அறுந்த சத்தம் கேட்டது, அதிலிருந்து வலக்கை எழும்புவதில்லை. அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.