பாசிக்கு எத்தனை ‘ஏன்’

— பிய்க்காதீங்க, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். போன ஞாயித்துக்கிழமதானே பிச்சிய. ஒரு வாரத்துல பாருங்க, திரும்ப முடி மாதிரி தொங்குது.

— கெடக்கட்டும்னு உட்டா பவளத்த மூடிடும், ஜெர்சி. தோ பாரு, இந்தப் பாறையில பச்சயத் தவுர வேற இன்னா தெரியுது? அந்தப் பழய பல்லு ப்ரஷ்ஷ எடுத்துனு வா. பக்கெட்டும்.

— எங்க மணப்பாட்டுல கடக்கரப் பாறை பூரா இப்படித்தான் இருக்கும். கடல்னா பாசி இருக்கத்தானே செய்யும்.

— கடலு அம்மாம் பெருசு, தாங்கும். இது ரெண்டடி மீன் தொட்டி. நூறு லிட்டரு உப்புத் தண்ணி. எங்க கம்பெனி கொரியாக்கார மேனேஜரு ஊருக்குப் போறப்ப, இத்த நல்லா பாத்துக்கோன்னு என் கையில குடுத்துட்டுப் போனாரு. ரெண்டு வருசமா ஒரு பொட்டு பாசி வந்ததில்ல. இந்த ஒன்ற மாசமா மட்டும் ஏன் வருது?

— என்கிட்டக் கேட்டா?

— லைன்ல ஒரு பீஸு ரிஜெக்ட் ஆச்சுன்னா இன்னா பண்ணுவோம்? வொய்-வொய் போடுவோம். ஏன், ஏன்னு அஞ்சு வாட்டி கேட்டா ரூட் காஸு தானா வந்து நிக்கும்.

— ஞாயித்துக்கிழமயும் லைன் லீடரு வேலதானா, திருமலை சாருக்கு?

— சிரிக்காத. பாறைய பக்கெட்டுல நான் புடிக்கறேன், நீ தேய். தொட்டித் தண்ணியிலயே தேய்க்கணும். பைப்புத் தண்ணி பட்டா பாறையில கீற நல்ல கிருமியெல்லாம் செத்துப் பூடும். ஹாங், அப்படித்தான். இப்ப சொல்லு, பாசி ஏன் வளருது?

— தண்ணி கெட்டிருக்கும்.

— அதே ஆர்.ஓ. கேனு, அதே உப்பு. ஃபில்டரும் போன மாசம்தான் மாத்தினேன். தண்ணி இல்ல.

— அப்போ வெயிலு. ஜன்னல் பக்கத்துலல்லா வச்சிருக்கிய.

— ஸ்கிரீன் எப்பவும் மூடித்தான கீது?

— மூடித்தான் இருக்கு. நல்லாப் பிடிங்க, நழுவுது.

— அப்ப தீனிதான். காலைல டெஸ்ட் கிட்டுல தண்ணிய ஊத்திப் பாத்தேன், ரத்தம் மாதிரி செவப்பா வந்துது. மீனு துன்னாத தீனி அடியில கெடந்து அழுகினாதான் அந்தக் கலரு வரும். அத்தத் தின்னுட்டுத்தான் பாசி இந்த ஆட்டம் ஆடுது. சரி, தீனி ஏன் மிச்சமாவுது?

— ரெண்டு மீனுக்கு நான் என்னத்தப் போட்டுட்டேன்? ராத்திரி ஒரு சிட்டிக. நீங்க சொன்னதுதான்.

— இந்த டப்பாவ ஆட்டிப் பாரு.

— காலியால்லா இருக்கு.

— மூணு மாசம் வரணும். நான் ஒடச்சு ஒரு மாசம்கூட ஆவல. யாரு துன்னது?

— ஈரத்துல கட்டி தட்டியிருக்கும். கொட்டியிருப்பேன்.

— கொட்டினியா?

— ஞாபகமில்ல. இதெல்லாமா ஒருத்தி மனசுல வச்சிருப்பா?

— சரி, கோவிச்சுக்காத. இன்னொண்ணு கீது. லைட்டு டைமரு. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து பத்து வரிக்கும் எரியற மாதிரி செட் பண்ணி வெச்சது நானு. போன ஞாயித்துக்கிழம பாசி பிக்கறப்ப பாக்கறேன், டைமர தள்ளி உட்டுட்டு சுவிட்சு தனியா கீது. பகல்ல யாரோ கையால போடறாங்க, கையாலயே அணைக்கறாங்க. நீ ஏழேகாலுக்கு கம்பெனி பஸ்ஸுக்குக் கெளம்பற. நான் ஏழே முக்காலுக்கு பைக்க எடுக்கறேன். பூட்டின வூட்ல லைட்டு போடறது யாரு?

— துடைக்கும்போது கை பட்டிருக்கும்.

— கை பட்டா ஒரு நாளு எரியும். ஒன்ற மாசமா எரியும்?

— நீங்க பாசியப் பத்தித்தான் கேக்கியளா?

— வேற இன்னா கீது கேக்கறதுக்கு?

— உங்க மூஞ்சி அப்படி இல்லையே.

— பாயிண்டுக்கு வா. சாவி ரெண்டுதான். ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்கிட்ட. வேற யாருக்காவது குடுத்துக்கிறியா?

— யாருக்குக் குடுக்க? இந்த ஒரகடத்துல உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?

— அத்தத்தான் நானும் யோசிச்சுகினே கீறேன். வியாழக்கிழம மத்தியானம் ரெண்டு மணி. ஸ்கிரீன் வழியா நீலமா லைட்டு தெரியுது. யாரு ஜெர்சி உள்ள?

— பாறையக் கீழ வைங்க.

— கேட்டதுக்கு பதிலு.

— நான்தான்.

— கூட?

— கூடயா? இந்த ரெண்டு மீனுதான் கூட. எனக்கு வேல போயி ஆறு வாரமாச்சுங்க.

— வேல போச்சா?

— எங்க லைன்ல முப்பத்தெட்டு பேரு. கான்ட்ராக்ட் முடிஞ்சிட்டுன்னு ஏஜென்சிக்காரன் கேட்டுலயே வச்சு ஐடி கார்ட வாங்கிட்டான். மறுநா காலையில எழும்பி, பழக்க தோசத்துல யூனிஃபார்ம மாட்டி, டிபன் கட்டிட்டேன். நீங்க வேற, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வெரட்டுதிய. என்ன சொல்லன்னு தெரியல. சர்ச்சுல போயி உக்காந்துட்டு எட்டு மணிக்கு மேல திரும்பி வந்தேன். அப்படியே தெனமும் ஆகிப்போச்சு.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— இது எத்தனாவது ஏன்?

— ஜெர்சி...

— வேல இல்லன்னா தனி வீடு எதுக்கு, சேரப்பணஞ்சேரிக்கே, உங்க அம்மா வீட்டுக்கே போயிரலாம்னு சொல்லுவிய. கல்யாணத்தப்பவே அதான பேச்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வரைக்கும் தனியா இருக்கட்டும்னு உங்க வீட்டுல சொன்னாவ. அங்க போனா உங்க அம்மா எதுவும் சொல்ல மாட்டாவ, எனக்குத் தெரியும். என் கழுத்துல கிடக்குற சிலுவையவே பாத்துக்கிட்டு இருப்பாவ. வேற வேல கிடைச்ச பொறவு சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன். வாலாஜாபாத் வரைக்கும் போயி ரெண்டு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

— இந்தத் தீனி?

— பகல் பூரா யாருகிட்டப் பேச? டிவி போட்டா கீழ்வீட்டு சரோஜாக்கா சத்தம் கேட்டு மேல ஏறி வந்துருவாவ. லைட்டப் போட்டா இதுக ரெண்டும் முழிச்சிக்கிடும். ஒரு துளி தீனி போட்டா கண்ணாடிகிட்ட வந்து என் மூஞ்சியப் பாக்கும். தின்னுட்டு அந்தப் பக்கம் போயிரும். திரும்ப ஒரு துளி போடுவேன், திரும்ப வரும். பாசி வரும்னு எனக்கு என்ன தெரியும்?

— ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?

— எண்ணல. பத்து வாட்டி இருக்கும்.

— பத்து வாட்டியா! மீனு வயிறு வெடிக்காதது அதும் நல்ல நேரம். இங்க பாரு. மூணு நாளைக்கு லைட்டே கூடாது. போர்வயப் போட்டு மூடிடணும். தீனி ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி. இன்னிக்குக் கால்வாசித் தண்ணிய மாத்திடலாம். பாசி தானா வெளுத்துப் போவும்.

— அப்போ சேரப்பணஞ்சேரிக்கு?

— யாரும் எங்கியும் போவல. வேல வரப்ப வரட்டும். நீ இங்கயே இரு.

— நெசமாவா?

— மெய்யாலுமே. அழுவாத. ப்ரஷ்ஷக் குடு, இந்தப் பக்கம் நான் தேய்க்கறேன்.

— இந்தாங்க. ஏங்க, வியாழக்கிழம நீங்க ஷிஃப்டுல இருந்தியள்லா? ரெண்டு மணிக்கு லைட்டு எரிஞ்சத உங்ககிட்ட யாரு சொன்னா? சரோஜாக்காவா?

— அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

— பொறவு?

— நானே பாத்தேன். எதிர்ல, டீக்கடைலேர்ந்து.

— லீவு போட்டியளா? இந்தப் பாசிக்காகவா?

— பாசிக்கு இல்ல, ஜெர்சி. செவ்வாக்கிழம காலைலேயே நீ தனியா திரும்பி வந்து படியேறினதப் பாத்தேன். உன் பின்னாடி யாரு ஏறி வரப் போறான்னு மூணு நாளும் அங்கியே உக்காந்துகினு இருந்தேன்.