நலமாக இருக்கும் செடிக்கு வாசகர் இல்லை

தோட்டக்கலை இணையதளம் நடத்திப் பிழைக்க முடியுமா என்று என் மனைவியின் அண்ணன் கேட்காத நாளில்லை. முடியும் என்பதுதான் என் பதில். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அதைத்தான், செயலாளர் ஐயா, நம் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள்.

மைத்துனருக்கு டயர் கடை. "மாப்ள, செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு எதுக்கு வெப்சைட்டு? கடையில ஒரு நாற்காலி சும்மாத்தான் கிடக்கு, வந்து உக்காருங்க" என்பார். என் மனைவி ஆறு மாதம் கெடு வைத்தாள். அதற்குள் தளம் ஓடவில்லையென்றால் நான் அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். எனக்கு ரப்பர் வாசனை ஆகாது. அண்ணன் விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயிக்கவும் முடியாது.

நான் உழைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மண் கலப்பது, விதை ஊன்றுவது, தொட்டிக்கு ஓட்டை போடுவது என்று கை ஒடிய எழுதினேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் மாதம், தக்காளி இலை ஏன் சுருள்கிறது என்று போகிற போக்கில் ஒரு பத்தி போட்டேன். கூட்டம் அலைமோதியது. அன்றுதான் தொழில் பிடிபட்டது. செடி நன்றாக இருப்பவர் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். செடி வாடினவர்தான் நம் பக்கம் வருவார்.

நன்றாக இருந்த செடி நாளுக்கு நாள் எப்படி வாடுகிறது என்று வரிசையாகப் படம் போட்ட தளம் எதுவும் இல்லை. நம் மொட்டைமாடியிலோ முப்பத்தெட்டு வீட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

மாவுப்பூச்சி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முளைவிட்ட உருளைக்கிழங்கும் மூடி போட்ட டப்பாவும் போதும். குளியலறைப் பரணில் வைத்திருந்தேன். குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற மாதிரி ஒரு சின்னத் தூரிகையில் எடுத்து, இலைக்கு அடியில் நாலு இடத்தில் தொட்டு வைத்தால் ஒரு வாரத்தில் குடும்பம் பெருகிவிடும். கட்டுரையை முன்னதாகவே எழுதி, வெளியாக வேண்டிய நாளைக் கணினியில் குறித்துவிடுவேன்; படங்களை மட்டும் பிறகு சேர்ப்பேன். இந்தத் திங்கட்கிழமை மூன்று நாலு வீட்டுச் செடிக்குப் பூச்சி, அடுத்த திங்கட்கிழமை கட்டுரை. மூன்றாம் மாடி வீட்டுச் செம்பருத்தி, முதல் மாடி வீட்டுக் கத்தரி என்று எல்லாம் நேரம் தவறாமல் நடந்தது. உங்கள் ரோஜா படுத்தபோது நீங்களே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியான நேரத்துல தெய்வம் மாதிரி வந்து எழுதினீங்க சார்" என்றீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை. கணினிக்குக் காய்ச்சல் தெரியுமா? குறித்த திங்களன்று 'இரண்டாம் மாடி எலுமிச்சையின் கடைசி நாட்கள்' தானாக வெளியாகிவிட்டது. எலுமிச்சைக்கோ நான் இன்னும் பூச்சியே வைக்கவில்லை.

அது ஓய்வுபெற்ற டீச்சரம்மாவின் மரம். பதினோரு மணிக்கு மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, படிச்சிட்டுப் பதறிப்போய் மேல ஓடினேன். மரம் நல்லாத்தானே இருக்கு? ஏழு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா மொட்டு விட்டிருக்கு."

"அப்படியா டீச்சர்?" என்றேன்.

"காய்ச்சல்ல வேற யாரு மரத்தையோ நினைச்சு எழுதிட்டீங்க போல. பரவாயில்ல, திருத்திப் போட்டுடுங்க. முதல் பழம் உங்களுக்குத்தான்."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாளிடம் எனக்கு அவ்வளவு பிரியம்.

திருத்தத்தான் கணினியைத் திறந்தேன். அதுவரை என் தளம் காணாத கூட்டம் அந்தக் கட்டுரைக்கு வந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் எலுமிச்சைக்கு அனுதாபம் எழுதியிருந்தார்கள். மனைவி வைத்த கெடுவுக்கு நாலே நாள்தான் இருந்தது. இந்த நேரத்தில் மரம் நலம் என்று போட்டால் யார் படிப்பார்கள்?

டப்பாவோடு மாடி ஏறினேன். காய்ச்சலில் கால் பின்னியது. ஒரு வாரம் பிந்திவிட்டதால் இலைக்கு நாலு என்ற கணக்கை விட்டுவிட்டு, டப்பாவில் இருந்ததை முழுக்க அந்த ஒரு மரத்திலேயே வைத்தேன். மொட்டு மொட்டாக, பொறுமையாக வைத்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த நீங்கள், "கையில என்ன சார்?" என்று கேட்டது அப்போதுதான்.

வளர்த்ததும் நான்தான், வைத்ததும் நான்தான். முப்பத்தெட்டு வீட்டில் இருபத்தாறு வீட்டுச் செடிக்கு வைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. தளம் இப்போது நன்றாக ஓடுகிறது. மைத்துனரும் வாயடைத்துவிட்டார். ஆனால் சங்கக் கூட்டத்தில் சிலர் நான் பொய்ச் செய்தி போடுகிறேன் என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று மாலை டீச்சரம்மாவின் எலுமிச்சையில் கடைசி மொட்டும் கருகி விழுந்துவிட்டது. நீங்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். என் தளத்தில் இப்போது தவறான வரி ஒன்றுகூட இல்லை.