கட்டிங் அக்காவின் வழக்கு முடியவில்லை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவின் அருமை மகளே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் தோழர்களே, தோழியர்களே, யாரும் அழைக்காமலே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தொழிற்சாலை மேலாளர் அவர்களே! உங்களுக்கும் வணக்கம். மாலையைப் போட்டுவிட்டு நழுவிவிடாதீர்கள். நான் பேசப்போவதே உங்களிடம்தான்.

தையல் தொழிலாளர்களின் தளபதி, துணி வெட்டும் பிரிவின் நம் கட்டிங் அக்கா மறைந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

பாரபட்சம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டா வரும்? அக்கறையோடு வரும், சிரித்துக்கொண்டே வரும். அதை அடையாளம் காண எங்களுக்குக் கண் திறந்தவர் அக்கா. மாசமாக இருந்த ஒரு பெண்ணை, தானாகவே வேலையை விட்டு ஓடட்டும் என்று, இஸ்திரிப் பகுதியின் அனலுக்கு மாற்றினீர்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றீர்கள். அக்கா என்ன சொன்னார்?

"அவ்வளவு நல்ல இடமா இருந்தா, உங்க மேசையையும் அங்கயே போட்டுக்கங்க சார்!"

அந்தப் பெண் அன்றே பழைய இடத்துக்குத் திரும்பினாள். வேலை கேட்டு வந்தவளிடம் எந்தத் தெரு என்று துருவினீர்களே, "தெருவா சார் தைக்கப்போகுது?" என்று கேட்டவரும் அவர்தான்.

அவருக்கு நீங்கள் செய்தது என்ன? சூப்பர்வைசர் வேலைக்குப் புதிதாக ஓர் ஆண் வந்தால், "கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா" என்று அவரிடம்தான் அனுப்புவீர்கள். அக்கா கற்றுக்கொடுப்பார். கற்றுக்கொண்டவர் அக்காவுக்கே அதிகாரி ஆவார்! அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று அக்கா கேட்டபோது, "பொம்பள, வயசும் ஆச்சு, இத்தன பேர மேய்க்க முடியுமா?" என்றீர்கள்.

அக்கா வழக்குப் போட்டார். உடனே கழிவுத்துணி அறையில் தனியாக உட்கார வைத்தீர்கள். அவரோடு பேசியவர்களின் ஷிப்டை மாற்றினீர்கள். யாரும் பேசப் பயந்த அந்தத் தனிமைதான் அவரை அரித்துத் தின்றது. நோயில் கிடந்தபோதும், "விசாரணை என்னிக்கு?" என்றுதான் கேட்டார்.

அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் போனில் பேசியதைக் கேட்டேன். "சரி விடுங்க, கேஸும் அவங்களோட போச்சு."

போகவில்லை சார்! அக்காவின் மகள் அதைத் தொடர்ந்து நடத்துகிறாள். சாட்சிகள் யார் தெரியுமா? இதோ, உங்கள் இருபக்கமும் நீங்களே கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்களே, அந்த சூப்பர்வைசர்கள்தான்! தங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அக்காதான் என்று சொல்ல ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஏன் இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள்?

பழிவாங்குகிறோமா என்று கேட்பீர்கள். ஆமாம், பழிதான் வாங்குகிறோம். சட்டப்படி வாங்குகிறோம். எந்தப் பெண்ணும் தன் அதிகாரிக்கே பாடம் நடத்திவிட்டு ஓரமாய் நிற்கும் நிலை இனி இங்கே இராது. அக்காவின் பெயரால் இது சபதம்!

தோழர்களே, அக்காவுக்காக எழுந்து நிற்போம். மேலாளர் அவர்களே, நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம். திங்கட்கிழமை கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.